நடக்கிற கம்பம், ஓடுகிற கம்பம்

விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஓடியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ராயபுரம் டிராமுக்குப் பின்னால். டிராம் கிடைக்கவில்லை. இப்பேர்ப்பட்ட என்னிடம் நான்கு பையன்களை ஒப்படைத்து, பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஐந்து மைல் ஓட்டத்துக்குத் தயார் செய்யச் சொன்னார் தலைமை ஆசிரியர். டிரில் மாஸ்டர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். மிச்சமிருந்தவர்களில் நான்தான் வயதில் சின்னவன், தொந்தி இல்லாதவன். (அப்போது.)

நான் கணக்கு வாத்தியார். ஓடத்தான் தெரியாதே தவிர, பட்டியல் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. ஏதோ குளிர் தேசத்துக்காரர்கள் காட்டுக்குள் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம்வரை வேகமாக ஓடி, அதற்கடுத்த மரம்வரை நடந்து, இப்படியே மாற்றி மாற்றிப் பழகுவார்களாம். மூச்சு பலப்படுமாம். ராயபுரத்தில் அவ்வளவு மரத்துக்கு எங்கே போவது? திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் விளக்குக் கம்பங்கள் இருந்தன. போதும் என்று முடிவு செய்தேன்.

சிவப்பு மையில் ஓடுகிற கம்பம், நீல மையில் நடக்கிற கம்பம். திங்கள் ஒன்றுக்கு ஒன்று, புதன் இரண்டுக்கு ஒன்று, வெள்ளி மறுபடி ஒன்றுக்கு ஒன்று. ஆறு வாரத்துக்குக் கட்டம் கட்டமாக எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

நால்வரில் கெட்டிக்காரன் மரியதாஸ். கரைவலை இழுக்கும் சூசையின் மகன். பயிற்சி தொடங்கிய வாரமே சூசை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"இன்னா வாத்யாரே, சாயங்காலம் வலை பிரிச்சிப் போட ஆள் இல்ல. இவன் இன்னாடான்னா கம்பம் கம்பமா சுத்திகினு கீறான். அஞ்சாவது ஃபாரத்தோட படிப்ப நிறுத்திடலாம்னு கீறேன்."

"பந்தயத்தில் முதல் மூன்றில் வருவான். பொறுத்திருந்து பாருங்கள்" என்றேன்.

"வந்தா படிக்கட்டும். வரலேன்னா?"

"வருவான். அதற்கு நான் பொறுப்பு."

(என்னை யாரும் பொறுப்பேற்கச் சொல்லவில்லை. இருபத்து நான்கு வயதில் வாய் அப்படித்தான் இருக்கும்.) சூசை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செரி, வார்த்த தவறக் கூடாது" என்று சொல்லிப் போய்விட்டார். மரியதாஸ் வகுப்பு ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து என் பட்டியலை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

பையன்கள் உற்சாகத்தில் நடக்கிற கம்பத்திலும் ஓடிவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரு தந்திரம் செய்தேன். இரவல் சைக்கிளில் பின்னாலேயே போய், அவர்கள் நடக்கும்போது திடீரென்று "ஓடு! ஓடு!" என்று கத்துவேன். ஏமாந்து ஓடியவனுக்குக் கூடுதலாகப் பத்துக் கம்பம் தண்டனை. முதல் வாரம் நால்வரும் ஏமாந்தார்கள். நான்காவது வாரத்தில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவன்கூட அசையவில்லை. என்ன கட்டுப்பாடு என்று பூரித்துப்போனேன்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் சொற்பொழிவு வேறு செய்தேன். "நாளைக்குப் புதுசா எதுவும் செய்யக் கூடாது. பழகினது எதுவோ, அதையே செய்யணும். யார் சொன்னாலும் மாத்தக் கூடாது. நானே சொன்னாலும்!"

சனிக்கிழமை காலை பந்தயம் தொடங்கியது. போகும்போது கடற்கரை மணல், திரும்பும்போது நெடுஞ்சாலை. மணலில் மரியதாஸுக்கு முன்னால் யாரும் நிற்க முடியவில்லை. மணல் முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் சைக்கிளோடு காத்திருந்தேன். இருநூறு கஜம் முந்தி, அவன் மட்டும் தனியாக வந்தான். பக்கத்திலிருந்த வேறு பள்ளி ஆசிரியரிடம், "நம்ம பையன்" என்றேன்.

நம்ம பையன் முதல் விளக்குக் கம்பத்தைத் தொட்டான். இரண்டாவது கம்பம்வரை காற்றாகப் பறந்தான். பிறகு நடந்தான்.

கால் சுளுக்கோ என்று பதறினேன். சுளுக்கு இல்லை. மூன்றாவது கம்பம் வந்ததும் மறுபடி பறந்தான். நான்காவதில் நடந்தான். அப்போதுதான் முந்தைய நாள் சொற்பொழிவு எனக்கு நினைவுக்கு வந்தது. என் பட்டியலில் பயிற்சி நாள் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. பந்தய நாளுக்கு மட்டும் நான் கட்டம் போடவே இல்லை.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், "ஓடுடா!" என்று அலறினேன். மரியதாஸ் திரும்பிப் பார்த்தான். எனக்கு எல்லாம் தெரியும் சார் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தான். முன்னைவிட நிதானமாக நடந்தான்.

"டேய், நிஜமா சொல்றேன்டா! ஓடுடா!"

"ஏமாற மாட்டேன் சார்!"

பின்னால் வந்த என் மற்ற மூன்று பையன்களும் அதே கணக்கில் ஓடி, அதே கணக்கில் நடந்தார்கள். மற்ற பள்ளிப் பையன்கள் ஒவ்வொருவராக மரியதாஸைத் தாண்டிப் போனார்கள். சாலையோரம் நின்ற ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சைக்கிளில் அழுதுகொண்டே போன கணக்கு வாத்தியார் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மரியதாஸ் ஆறாவதாக வந்தான். அவனுக்குப் பின்னால் வந்த காசிம், நால்வரில் இன்னொருவன், என்னிடம் ஓடி வந்து, "எத்தினி தபா கத்தினீங்க சார்! ஒருத்தனாவது ஏமாந்தானா?" என்று பெருமையோடு கேட்டான். மரியதாஸ் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. அப்படியே கீழே உட்கார்ந்தான். ஜனத்தின் சிரிப்பையெல்லாம் தாங்கிக்கொண்ட என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

சூசை எல்லைக் கோட்டருகே கைகட்டி நின்றிருந்தார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "தப்பு முழுக்க என்னுடையது. அவன் தோற்கவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தான். அவன் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்." அதுவரை யாரிடமும் தப்பை ஒத்துக்கொண்டு பழக்கமில்லாததால் குரல் கீச்சென்று வந்தது.

அவர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார்.

"அப்போ தோத்தது நீதானே?"

"ஆமாம்."

"பொறுப்புன்னு சொன்னதும் நீதானே?"

"ஆமாம்."

"அப்போ நீ வா வலைக்கு. அவன் படிக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை விடிகிற நேரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றிருந்தேன். மரியதாஸின் இறுதிப் பரீட்சை முடியும்வரை எல்லாச் சனிக்கிழமையும் அங்கேதான். மற்ற நாட்களில் அவன் பள்ளிக்கு முன் இழுப்பான். சனிக்கிழமை மட்டும் அவனுக்குப் புத்தகம், எனக்கு வலை. முதல் நாளே கையில் கொப்புளம் கிளம்பி, திங்களன்று சாக்பீஸ் பிடிக்க முடியாமல் கரும்பலகையில் வட்டத்துக்குப் பதில் கத்தரிக்காய் போட்டேன்.

"இன்னும் எவ்வளவு தூரம் இழுக்கணும்?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"வலை வர்ற வரிக்கும்" என்றார் சூசை.

அப்படி இழுத்த ஒரு காலையில்தான் எனக்கு உறைத்தது. இந்த வேலையைச் செய்துவிட்டுத்தான் அவன் தினமும் பள்ளிக்கு வந்து, சாயங்காலம் என் கம்பங்களையும் ஓடியிருக்கிறான். காலையில் என்ன செய்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு எத்தனையோ வருஷம் ஓட்டப் பயிற்சிக்குப் பட்டியல் போட்டேன். முதல் கட்டத்தைக் காலியாக விட்டு, காலை வேலையைப் பையனே எழுத வேண்டும் என்று சட்டம் வைத்தேன். சிலர் எழுதியதைப் படித்துவிட்டு, போய்த் தூங்குடா என்று அனுப்பியதும் உண்டு.

மரியதாஸ் பாஸ் செய்தான். துறைமுக ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, ரிட்டயரும் ஆகிவிட்டான். எங்கள் வீட்டில் நான் மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்றால், "அப்பா, இது நடக்கிற கம்பமா, ஓடுகிற கம்பமா?" என்று மகள் இன்றும் கேட்கிறாள். எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் எடுத்துக்கொண்டு வருவான். எங்கள் தெருமுனைக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை, அந்தத் தொந்தியோடு, கேக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஓடுவான். பேரப்பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகு நடக்கத் தொடங்குவான். நான் வாசலில் நின்று, "ஓடுடா மரியதாஸ்!" என்று இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்துவேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நிதானமாக நடந்து வருவான்.