மூன்று டம்ளர் பரீட்சை

அந்த மார்கழியில் ஊரே கொரோனாவைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் என் மச்சான் விஜயபாண்டி.

மச்சான் என்றால் என் மனைவி மகாராணியின் அண்ணன். ராசிங்காபுரத்தில் விவசாயம். ஒவ்வொரு பொங்கலுக்கும் தங்கைக்குச் சீர் கொண்டுவருவார். கரும்பு வரும், மஞ்சள் கொத்து வரும், பச்சரிசி, வெல்லம், பூசணிக்காய் எல்லாம் வரும். கூடவே ஒரு வாக்கியமும் வரும். அதை வாசலில் வைத்துச் சொல்ல மாட்டார். உள்ளே வந்து, என் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுத்து, தும்மி முடித்த பிறகுதான் சொல்வார்.

"எங்க வீட்டுல ராணி கணக்கா வளந்த புள்ள. இங்க வந்து ஏலக்கா பொறுக்குது."

கல்யாணமான முதல் பொங்கலில் ஆரம்பித்தது. அதன் பிறகு ஒரு பொங்கல்கூடத் தவறியதில்லை.

நான் போடியில் ஏலக்காய் வியாபாரி. பெரிய ஆள் இல்லை. மலையில் வாங்கி வந்து, வீட்டு முன்னறையில் கொட்டி, பெரிசு சிறிசு பிரித்து விற்கிறவன். பிரிப்பது மகாராணி. அதாவது மச்சான் சொல்வது பொய்யில்லை. பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உண்மையாக இருப்பதால்தான் எரிகிறது.

ஆகவே சபதம் எடுத்தேன். இந்த ஒரு பொங்கலுக்காவது அந்த வாக்கியம் என் வீட்டுக்குள் கேட்கக் கூடாது. முகக்கவசம் போட்டால்கூட அது துணியைத் தாண்டி வந்துவிடும். ஆளையே தடுப்பதுதான் வழி.

"இந்த வருசம் பொங்கலுக்கு யாரும் வர வேணாம், மகாராணி. காலம் சரியில்ல."

"யாரும்னா யாரு?"

"பொதுவாச் சொல்றேன்."

"பொதுவா நம்ம வீட்டுக்கு வர்றது எங்கண்ணன் ஒருத்தருதான்."

"அப்ப அவரு நல்லதுக்குத்தான் சொல்றேன்னு வெச்சுக்கோ."

"பங்குனியில இருந்து அவரு மூஞ்சிய போன்லதான் பாக்குறேன். அதுலயும் பாதி நேரம் காதுதான் தெரியுது."

இதைச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. கவனித்தேன். கவனித்துவிட்டு, அவள் சொத்தைக் காயை ஒதுக்குவது போல ஒதுக்கிவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்கு நாங்களேதான் பொழுதுபோக்கு. மகள் பவித்ராவின் காலேஜ் செல்போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சாயங்காலமானால் மூன்று பேரும் மொட்டை மாடியில் தாயம் ஆடுவோம். அம்மாவும் மகளும் கூட்டுச் சேர்ந்து என் காயை வெட்டுவார்கள். பக்கத்து வீட்டுத் தங்கபாண்டி தன் மாடியில் நின்றபடியே ஆட்டத்துக்குத் தீர்ப்பு சொல்வான். தீர்ப்பு எப்போதும் எனக்கு எதிராகத்தான் இருக்கும். இடைவெளி விட்டுப் பழகுவது எப்படி என்று அரசாங்கம் எங்கள் மாடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

நேரடியாகத் தடுத்தால் மகாராணி விடமாட்டாள். எனவே சட்டம் போட்டேன்.

"சரி, உங்கண்ணன் வரட்டும். ஆனா வெளிய போயிட்டு வர்ற யாரா இருந்தாலும் கேட்டுல நின்னு மோந்து பாக்கணும். மோப்பம் தெரியலைன்னா கொரோனா. நேரா மாடி ரூமு. பொங்கல் முடியிற வரைக்கும் எறங்கக் கூடாது."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். சட்டம்னா சட்டம்."

என் திட்டம் உங்களுக்குப் புரிந்திருக்கும். பொடி போட்டுப் போட்டு மச்சானின் மூக்கு செத்துப் பல காலம் ஆகிறது. ஒரு தடவை எங்கள் அடுப்பில் பால் தீய்ந்து தெருவே மூக்கைப் பொத்தியது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்ட மூக்கு பரீட்சையில் தேறுமா?

"எதை மோந்து பாக்கச் சொல்லப் போறீங்க?" என்றாள் மகாராணி.

"காப்பித்தூளு."

"ஏலக்கா வியாபாரி வீட்டுல எதுக்குங்க காப்பித்தூளு? ஏலக்காயவே வைங்க. அதுதான நமக்குக் கௌரவம்."

கௌரவம் என்ற சொல்லை அவள் என் பக்கம் திருப்பி வருடக்கணக்கில் ஆகிறது. நான் குளிர்ந்து போனேன். ஏலக்காயே இருக்கட்டும் என்றேன்.

ஊகத்தில் சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பதற்காகப் பரீட்சையை இன்னும் இறுக்கினேன். மூன்று டம்ளர். ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் அரிசி, ஒன்று காலி. கண்ணைத் துண்டால் கட்டிவிட வேண்டும். ஏலக்காய் எதில் என்று சொல்ல வேண்டும். பவித்ரா நடுவர்.

மாடி ரூமையும் மச்சானுக்காக ஏற்பாடு செய்தேன். தகரக் கூரை. அதற்குள் நாடா தொய்ந்த கட்டில் ஒன்றை ஏற்றினேன். இருப்பதில் மெல்லிய போர்வையைத் தேடி எடுத்து வைத்தேன். குரங்கணி மலைப் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி உடைந்திருந்தது. அதைச் சரி செய்யாமல் விட்டேன். அவ்வளவு பிரியம்.

போகி அன்று காலையில் நிலைவாசலில் பூளைப்பூவும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டி முடித்தோம். மச்சானின் மினி லாரி வந்து நின்றது. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண், தோளில் ஒரு கட்டுக் கரும்பு.

"வாங்க மச்சான். சட்டம் தெரியும்ல?"

"தங்கச்சி சொல்லுச்சு மாப்ள. நல்ல காரியந்தான். நானும் ரெண்டு வாரமாத் தோட்டத்த விட்டு எங்கயும் போகல."

கண்ணைக் கட்டினேன். அவரே முகக்கவசத்தை இறக்கினார். முதல் டம்ளர் மீது குனிந்தார், நிமிர்ந்தார். இரண்டாவதற்குப் போனார்.

"இதுதான். ஏலக்கா. புதுக் காயி. ஈரம் இன்னும் முழுசா இழுக்கல மாப்ள, இன்னொரு காய்ச்சல் வேணும்."

"சரிதான் மாமா" என்றாள் நடுவர்.

எனக்குத் தலை சுற்றியது. "பொடி என்னாச்சு மச்சான்?"

"அத ஏன் கேக்குறீங்க. ஊரடங்குல கடையப் பூரா அடைச்சுட்டாங்க. ஒரு மாசம் பைத்தியம் புடிச்ச மாதிரி அலைஞ்சேன். அப்புறம் அதுவா விட்டுப் போச்சு. இப்ப மூக்கு சின்னப் புள்ள மூக்கு கணக்கா இருக்கு."

கொரோனாவுக்குச் சொன்ன நன்றியை அந்த நிமிடமே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் மகாராணி. என்னைப் பார்த்தாள். "அடுத்தது நீங்க."

"நானா? நான் வீட்டு ஆளுடி."

"நேத்து வீட்டு ஆளு எங்க போயிட்டு வந்தீங்க?"

"போடிமெட்டுக்கு. சோலியாப் போனேன்."

"செக்போஸ்ட்டுல கேரளா ஜீப்பு ஆளுககூட நின்னு லோடு மாத்தி ஏத்திட்டு வந்தீங்கள்ல? வெளிய போயிட்டு வர்ற யாரா இருந்தாலும்னு சொன்னது யாரு?"

"சொன்னீங்கப்பா" என்றாள் நடுவர்.

எனக்கென்ன பயம்? நான் ஏலக்காயிலேயே பிறந்து வளர்ந்தவன். கட்டுங்கடி என்று தலையை நீட்டினேன். பவித்ரா டம்ளர்களை இடம் மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. குனிந்தேன். முதல் டம்ளரில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்தேன். எவர்சில்வர் சில்லென்று மூக்கில் இடித்ததுதான் மிச்சம்.

"முதல்ல இருக்குறது" என்றேன் கம்பீரமாக.

"அது காலி டம்ளர்ப்பா."

"அப்ப கடைசி."

"அது அரிசி."

"அப்ப நடுவுல உள்ளது. அதத்தான் முதல்லயே சொல்ல வந்தேன்."

"மிச்சமே அது ஒண்ணுதான்ப்பா."

கட்டை அவிழ்த்தபோது மூன்று பேரும் பின்னால் நகர்ந்திருந்தார்கள். மச்சானின் கண்ணில் நிஜமான பயம் தெரிந்தது. எனக்கும் வந்தது. அந்த வருடம் எத்தனை பேர் வீட்டில் இப்படித்தான் ஆரம்பித்தது. மச்சானுக்காக ஏற்பாடு செய்த ரூமுக்கு நானே ஏறினேன். நாடா தொய்ந்த கட்டில் என்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம்தான் விஷயம் விளங்கியது. கீழே வடை பொரியும் வாசனை வந்தது. எந்த வீட்டிலோ சாம்பிராணி போட்டார்கள், அது வந்தது. தங்கபாண்டி வீட்டு மாட்டுத் தொழுவமும் வந்தது. மூக்குக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்ததில் இருந்து ஏலக்காய் மூட்டைக்கு நடுவில் கிடக்கிறவன் மூக்கு ஏலக்காயை மட்டும் கணக்கில் எடுப்பதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. யார் வந்து மோந்து பார் என்றார்கள்?

மாடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்தினேன்.

"மகாராணி, வடை வாசம் தெரியுது. வெங்காயம் கொஞ்சம் கருகிருச்சு."

"சட்டத்துல வடை இல்லங்க. ஏலக்காதான் இருக்கு."

"சட்டத்த மாத்திக்கலாம்."

"போட்டது நீங்க. மாத்துறதுக்கு நான் யாரு?"

தூக்குச் சட்டியில் சாப்பாட்டை வைத்துக் கயிற்றைக் கட்டினாள். நான் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தங்கபாண்டி தன் மாடிக்கு வந்தான்.

"என்னண்ணே, தனியா உக்காந்து தாயம் உருட்டுறீங்க?"

"சும்மா காத்து வாங்குறேன்."

"மோப்பம் போயிருச்சாமே."

"யார்றா சொன்னது? ஒங்க வீட்டுல இப்ப நெய் உருக்குறீங்க. சொல்லட்டா?"

"காய்ச்சல்ல பெனாத்துறீங்கண்ணே. ஒடம்பப் பாத்துக்கங்க."

போனவன் ஒரு தார்ப்பாயோடு திரும்பி வந்து, இரண்டு மாடிக்கும் நடுவில் கட்டிவிட்டுப் போனான். மத்தியானத்துக்குள் மார்க்கெட்டில் இருந்து ஆறுதல் போன்கள் வர ஆரம்பித்தன.

கீழே பொங்கல் நடந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லோரும் வாசலில் வெயிலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகளுக்கு நடுவில் மகாராணி நல்ல இடைவெளி விட்டிருந்தாள். பிரம்பு நாற்காலி மச்சானுக்கு. ராத்திரி அவர் ராசிங்காபுரம் போய்விடுவார். விடிந்ததும் வருவார். கேட்டில் நின்று மூன்று டம்ளரையும் மோந்து, தெருவுக்கே கேட்கும்படி ஏலக்காயைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

நான் சுவரோரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அந்த வாக்கியத்துக்காகத்தான். எப்போது வேண்டுமானாலும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பதிலுக்கு வேறொன்று வந்தது.

"தாயி, மாப்ள குளிர்ல கெடக்காரு. பாவமா இருக்கு. கீழ கூப்புட்டுருவமா?"

"வேணாண்ணே. அவரு போட்ட சட்டம். நாம மதிக்கணும்."

அப்புறம் மச்சான் அவர்கள் சின்ன வயதில் நடந்த எதையோ சொன்னார். மகாராணி சிரிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வாயைப் பொத்தாமல், மூச்சு வாங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இவளுக்கு இப்படியும் சிரிக்க வரும் என்பது எனக்குத் தெரியாது. மாடியில் இருந்ததால் தெரிந்தது. இந்த வீட்டில் நான் இல்லாத பொங்கல்தான் நல்ல பொங்கல் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் எட்டிப் பார்க்கவில்லை.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் மினி லாரி கிளம்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். மகாராணி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். முகக்கவசம் இல்லை. என் கட்டிலிலேயே உட்கார்ந்தாள்.

"தள்ளி உக்காருடி. தொத்திக்கும்."

"என்ன தொத்தும்?"

"மோப்பம் போயிருச்சுல்ல."

"அது என்னைக்கு இருந்துச்சு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் மலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கல்யாணத்தன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல பாலு கொண்டாந்து குடுத்தேன். ஏலக்கா வியாபாரி மாப்ள, நம்ம பக்கமும் கௌரவமா இருக்கணும்னு எங்கண்ணன் போடி வந்து நயம் காயாப் பாத்து வாங்கிட்டு வந்து குடுத்துச்சு. தட்டிப் போட்டிருந்தேன். குடிச்சிட்டு என்ன கேட்டீங்க?"

எனக்கு நினைவில்லை.

"'வெறும் பாலா'ன்னு கேட்டீங்க."

நான் என் விரலை மோந்து பார்த்தேன்.

"அன்னையோட உங்களுக்குப் போடுறத விட்டுட்டேன். எனக்கும் பவித்ராவுக்கும் தட்டிப் போட்டுக்கிடுவேன். உங்க டம்ளரு தனி."

போடி மார்க்கெட்டில் பேர் சொன்னால் தெரிகிற ஏலக்காய் வியாபாரிக்கு, சொந்த வீட்டில் இத்தனை வருடமாக ஏலக்காய் இல்லாத டீ. அது எனக்கு அன்று வரை தெரியாது.

"அப்ப வேணும்னுதான் ஏலக்காய வைக்கச் சொன்னியா?"

"காப்பித்தூளு வெச்சிருந்தா நீங்க தேறியிருப்பீங்க."

கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டேன். "உங்கண்ணன் இந்த வருசம் அதச் சொல்லலையே. ராணி கணக்கா வளந்த புள்ள..."

"அது உங்களுக்குச் சொல்றது. நீங்க இல்லாதப்ப எதுக்குச் சொல்லணும்? ஏலக்கா பொறுக்குறது எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு ஒரு டம்ளரை என் கையில் வைத்தாள். அவள் விரல் நுனி, காய் பொறுக்கிப் பொறுக்கித் தடித்துப்போன விரல், என் கையில் பட்டது. மூன்று நாள் குளிரை மறந்தேன். இனி நானும் உட்கார்ந்து காய் பொறுக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஒரு வாய் குடித்தேன். இவ்வளவு சொன்ன பிறகு அவள் கையால் கொடுத்த டீ, ஏலக்காய் இல்லாமலா இருக்கும்?

"இன்னைக்கு எனக்கும் ஏலக்கா போட்டிருக்க" என்றேன். "மணம் தூக்குது."

மகாராணி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போட்டது இதுல" என்றாள்.