கோலமாவுக்காரர் ஆஜரான கதை

பிள்ளைகளே, உலகத்திலேயே கோர்ட்டுக்குப் பயப்படாத ஒரே ஆள் எங்கள் கோலமாவுக்காரர்தான். கோர்ட்தான் அவருக்குப் பயந்தது.

அவருக்கு இரண்டு கால்களும் நடக்காது. மூன்று சக்கர ஸ்கூட்டரில் மூட்டையும் மைக்குமாக உத்திரமேரூர்த் தெருக்களைச் சுற்றுவார். அவர் வீட்டுச் சந்தில் பக்கத்து வீட்டுக்காரன் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டான். ஸ்கூட்டர் நுழையாது. தினமும் ரோட்டில் இறங்கிச் சேற்றில் தவழ்ந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும். வக்கீல் வைக்காமல் தானே வழக்குப் போட்டார்.

நான் அப்போது வேலை பார்த்த கோர்ட் மாடியில். இருபத்திரண்டு படி. டவாலியான நான் வராந்தாவில் நின்று மூன்று முறை பெயர் கூப்பிடுவேன். பதில் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி.

முதல் நாள் அவரைத் தூக்கிப்போக நாலு பேர் போனோம்.

“கைய எடு நைனா! நான் இன்னா நெல்லு மூட்டயா? ஒரு செவுத்த ஒடைக்கச் சொல்லி வந்தா, இங்க இருவத்திரண்டு செவுர அடுக்கி வச்சிக்கினு கீறீங்க!”

மேலே போய்ப் பெயரைக் கூப்பிட்டேன். கீழேயிருந்து மைக் அலறியது: “கீறேன் சாமி! கீயதான் கீறேன்!” அதோடு பட்டன் மாறி அமுங்கி, “அம்மா, கோலமாவே...” என்று ரெக்கார்டு ஓடியது. கூண்டில் நின்ற வேறொரு வழக்கின் சாட்சி சத்தியத்தை மறந்து, “ரெண்டு பாக்கெட்டு குடுப்பா” என்றாள்.

நீதிபதி அம்மா மைக்குக்குத் தடை போட்டார். “அடுத்த வாய்தாவில் என் கண் முன்னால் ஆஜராகவேண்டும். இல்லாவிட்டால் தள்ளுபடி!”

அந்த நாளும் வந்தது. “ஒரே ஒரு நாள் தூக்கிக்கினு போறோம், வாய்யா” என்று கெஞ்சினேன்.

“இன்னிக்கு என்ன தூக்குவ. நாளைக்கு வர்றவன யாரு தூக்குறது? பேஜார் பண்ணாத, போய் உன் வேலயப் பாரு.”

முதல் முறை கூப்பிட்டேன். சத்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மீசையைத் தடவினான். இரண்டாவது முறை கூப்பிட்டுவிட்டுக் கீழே பார்த்தேன். மூட்டையின் மூலையைக் கிழித்துப் பின்னால் தொங்கவிட்டு, முற்றத்தில் ஸ்கூட்டரை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். லாரி அகலத்துக்கு வெள்ளையாக ஓர் ‘ஆ’. அடுத்து ‘ஜ’. வக்கீல்கள் பைக்குகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

மூன்றாவது முறை ஆரம்பித்தேன்.

“என்னய்யா இது, கச்சேரியா?” என்று நீதிபதி அம்மா வராந்தாவுக்கே வந்துவிட்டார். எட்டிப் பார்த்தார். முற்றம் முழுக்க ‘ஆஜர்’.

இருபத்திரண்டு படியும் இறங்கினார். நாற்காலியோடு நான் பின்னால் ஓடினேன். விசாரணை வேப்பமரத்தடியில் நடந்தது. சுவர் இடிந்தது. கொஞ்ச நாளில் கோர்ட்டும் சரிவுப் பாதையோடு கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது.

“அன்னிக்கு இன்னாத்துக்குய்யா அப்பிடிக் கத்துன?” என்று இன்றும் கேட்பார். தொண்டை கட்டியிருந்தது என்பேன்.

பிள்ளைகளே, ஒரு பெயரைக் கூப்பிட இரண்டு நொடி போதும். அன்றைக்கு அவர் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்வரை இழுத்தேன்.