கேபிள் அண்ணனும் ஒரு கோணி அடாப்டரும்

மின்சாரத்தைப் பார்த்து மனிதர்கள் பயப்படுவார்கள். மின்சாரமே ஒருவரைப் பார்த்துப் பயந்தது என்றால், அது கள்ளக்குறிச்சியில் எங்கள் கீழ்வீட்டுக் கேபிள் அண்ணனைப் பார்த்துத்தான்.

கேபிள் டி.வி. லைன் இழுத்தவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா, தெரியாது. கோணி நிறையப் பழைய அடாப்டர் வைத்திருந்தார். ஓட்டைக்குள் எது போகிறதோ, அதுதான் அந்தச் சாமானுக்கு அடாப்டர்.

"வோல்ட்டு பாக்க வாணாமாண்ணே?"

"பூந்துச்சில்ல? வுடு சார்!"

இந்தக் கொள்கையால் அவருடைய டிரிம்மர் ஒருநாள் வெறிபிடித்துச் சுற்றி, இடது மீசையை மொத்தமாகக் கொண்டுபோனது. கல்வராயன் மலைக்கு டிஷ் மாட்டப் போனபோது ரேடியோவை டிராக்டர் பேட்டரியில் கோத்தார். "ஒரே பாட்டுதான் பாடிச்சு சார். ஆனா எதிர்மலை வரிக்கும் கேட்டுச்சு" என்பார் பெருமையாக.

எனக்குக் கல்யாணமான புதிது. சீர்ப் பாத்திரங்களோடு என் மனைவி ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். சின்ன வயதில் காமாலையில் படுத்திருந்தவளுக்கு அவள் அப்பா வாங்கித் தந்தது. அப்பா இப்போது இல்லை. வீடு மாற்றியதில் அதன் அடாப்டர் தொலைந்து, பெட்டி பீரோ மேலேயே கிடந்தது.

அவள் உளுந்தூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்புவதற்குள் அதை ஓடவைத்து அசத்திவிடலாம் என்று, பெட்டியின் கதையைச் சொல்லிக் கேபிள் அண்ணனைக் கூப்பிட்டேன். கோணியை இறக்கியவர், பெட்டியின் அடியில் இருந்த பொடி எழுத்தை உற்றுப் பார்த்தார்.

"கண்ணாடி எடுத்துக்கினு வரேன். அதுல கை வெக்காத சார்."

எனக்கு எங்கே பொறுமை? கைக்கு வந்ததைச் சொருகினேன். கச்சிதமாகப் போனது. ஸ்விட்சைத் தட்டினேன்.

'டப்.' கருகல் வாடை. சட்டென்று பிளக்கைப் பிடுங்கினேன்.

சத்தம் கேட்டு அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "இன்னா சார் பண்ணிட்ட! பிளஸ்ஸு மைனஸு பாக்காமயா சொருவுவாங்க?"

"நீங்கதானேண்ணே எப்பவும்..."

"அது என் சாமான் சார்! இது அந்தப் பொண்ணு சாமானாச்சே!"

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். டிரிம்மர் அவருடையது. ரேடியோ அவருடையது. மீசையும் அவருடையதுதான்.

பெட்டியைப் பிரித்து மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பியூசுதான் சார் போச்சு. உள்ள அல்லாம் உசுரோட கீது!"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. தன் பழைய செட்டாப் பாக்ஸைப் பிரித்து ஒரு பியூசைக் கழற்றி இதில் பற்றவைத்தார். மூன்று முறை எழுத்துக்கூட்டிப் படித்துச் சரியான அடாப்டரைத் தேடி மாட்டினார். டி.வி.யில் படம் வந்ததும் இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி கைதட்டினோம்.

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். "என்ன கருகுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நான்தாம்மா. தப்பான அடாப்டர சொருவிட்டேன். சார் வாணாம்னாரு." அவள் பொரிந்து தள்ளினாள். அவர் இன்னும் வளராத பாதி மீசையோடு தலையைக் குனிந்து நின்றார். நான் கோழை; கோணியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை உண்மையைச் சொன்னேன். "தெரியும். அவரு முகத்துல பொய் நிக்கல" என்றவள், கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

அண்ணன் இப்போது மகனோடு சங்கராபுரத்தில். பெட்டி இன்னும் ஓடுகிறது. அடாப்டரில் அவர் ஒட்டிய சீட்டு இருக்கிறது: 'இதுதான். வேற பூந்தாலும் வாணாம்.' எழுத்து மங்கும்போதெல்லாம், மேலேயே பேனாவால் எழுதி அவர் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.