இன்ஜின் கவரை நான் அடித்த கதை

தணிக்கை அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு, அடுத்தவர் எழுதியதை அடிப்பதில் ஒரு தனி ருசி வந்துவிடும். எனக்கு அது வந்து, முற்றியும் போயிருந்தது. ஒரு பிரிவு பத்து நாற்காலி கேட்டால், அந்தப் பத்துப் பேரும் இதுவரை நின்றுகொண்டா வேலை பார்த்தார்கள் என்று ஓரத்தில் பச்சை மையில் எழுதுவேன். தேவை நிரூபிக்கப்படவில்லை, முன் நிகழ்வு இல்லை, ஏற்பதற்கில்லை. இந்த மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டு பாதி தில்லியை அழவைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரு கார் வாங்கினேன். ஒன்பது வருஷம் என் சம்பளத்தில் தனியாகச் சேர்த்து, என் பெயரில் வாங்கிய வண்டி. பாளையங்கோட்டையிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் பெண் நான்தான். தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி காவலாளி அந்த வெள்ளை வண்டிக்குச் சல்யூட் அடித்தபோது, திருப்பி நானும் அடித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய ஆறாம் நாள், இன்சூரன்ஸ் ஏஜென்ட் அகர்வால்ஜி வீட்டுக்கு வந்தார். ஷோரூமில் தலையில் கட்டப்பார்த்த பாலிசியை நான் வாங்க மறுத்து, ஒரு தற்காலிகக் காப்பீட்டுக் காகிதத்தோடு வண்டியை எடுத்து வந்திருந்தேன். (அந்த மேனேஜர் இன்றைக்கும் என்னை மறந்திருக்க மாட்டார்.) அகர்வால்ஜி நல்ல மனிதர். அடுத்தவருக்கு நாம் செய்யும் சேதத்துக்குக் கட்டாயக் காப்பீடு, நம் வண்டிக்கு ஒன்று, ஓட்டுபவருக்கு ஒன்று என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளக்கூடியவை என்று ஒரு நீளமான பட்டியலை மேஜையில் வைத்தார். என் கை தானாகப் பச்சைப் பேனாவைத் தேடியது.

என் கணவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா என்ன என்று மெல்ல ஒரு தடவை கேட்டார். என் வண்டி, என் முடிவு என்றேன். அவர் எழுந்து காபி போடப் போய்விட்டார்.

அன்று நான் எழுதிய தாள் இன்னும் இருக்கிறது. வழியில் வண்டி நின்றால் வந்து உதவும் சேவை: ‘உதவிக்குக் கணவர் உள்ளார், ஏற்பதற்கில்லை.’ இடித்தால் தேய்மானம் கழிக்காமல் முழுசாகக் கொடுப்பது: ‘இடிக்கும் உத்தேசம் இல்லை.’ அடுத்தது இன்ஜின் கவர். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டுப்போனால் சாதாரண பாலிசியில் பைசா வராது, அதற்கு இதைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று அகர்வால்ஜி இரண்டு முறை சொன்னார். நான் எழுதியது இது: ‘கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த வண்டியின் இன்ஜினில் தண்ணீர் புகுந்ததாக ஆவணம் எதுவும் இல்லை.’

வண்டிக்கு வயது ஆறு நாள். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

மொத்தப் பட்டியலில் நான் அனுமதித்தது ஒன்றே ஒன்று, சாவி தொலைந்தால் புதுச் சாவி. ஏனென்றால் அதற்கு மட்டும்தான் முன் நிகழ்வு இருந்தது. என் கணவர் அதுவரை ஸ்கூட்டர் சாவி, பீரோ சாவி, பக்கத்து வீட்டுக்காரர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன சாவி என்று மூன்றைத் தொலைத்திருந்தார்.

“மேடம்ஜி, தில்லியிலும் மழை பெய்யும்” என்று அகர்வால்ஜி இந்தியில் கெஞ்சலாகச் சொன்னார். தாமிரபரணி வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவளிடம் போய் மழையைப் பற்றிப் பேசுகிறாரே என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

ஜூலை மாதம் ஜனக்புரியில் என் கணவரின் அக்காவுடைய மகளுக்கு வளைகாப்பு. அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். சுப்ரீம் கோர்ட்டுக்கு மேல் ஒரு கோர்ட் உண்டென்றால் அது மதினிதான். எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் நான் கொண்டுவருவதாக ஏற்பாடு. இரண்டு பெரிய தூக்கு, வளையல் பெட்டி, கணவர், பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் நிலா, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காலை எட்டரைக்குக் கிளம்பினேன். ராத்திரி பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது.

வழியில் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. எனக்கு முன்னால் போன ஆட்டோ நின்றது, யோசித்தது, திரும்பிவிட்டது. பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்ட ஒருவர் இரண்டு கையையும் ஆட்டிப் போகாதே என்றார். என் கணவர், “திருப்பிருவமா?” என்றார். ஆட்டோக்காரனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது என் தீர்ப்பு. இறக்கினேன்.

சரியாக நடுவில் போனதும் வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது. தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது, அதுதான் இன்ஜினைக் கொல்லும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்று என் கணவருக்குத் தெரிந்திருந்தது, சொல்லவும் சொன்னார். நான் ஏழு முறை ஸ்டார்ட் பண்ணினேன். ஏழாவது முறை உள்ளே ஏதோ மளுக்கென்றது. அதோடு சரி, சத்தமே இல்லை. கால் வழியே தண்ணீர் ஏறியது. புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டேன்.

கையை ஆட்டிய அதே மனிதரும் இன்னும் மூன்று பேரும் வந்து தள்ளினார்கள். என் கணவரும் தள்ளினார். நிலா மட்டும் இறங்கவில்லை. “ஸ்கூல் பசங்க யாராவது பாத்துட்டா? ஜல்தி தள்ளச் சொல்லும்மா” என்று முன் சீட்டுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டாள். மேட்டுக்கு வந்ததும் வண்டியைப் பூட்டிச் சாவியைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீரில் விட்டுவிட்ட ஒரு செருப்பைத் தேட மறுபடி உள்ளே இறங்கிக் குனிந்தார். சாவி விழுந்தது. நாலு பேரும் அரை மணி துழாவியும் செருப்புதான் கிடைத்தது.

நான் அகர்வால்ஜிக்குப் போன் செய்தேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மிகவும் மரியாதையாக, இன்ஜின் கவரை மேடம்ஜி அடித்துவிட்டீர்களே என்றார். சாலையோரத்தில், கையில் தூக்கோடு, எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருஷம் ஆசை ஆசையாகச் சேர்த்தது, ஓரத்தில் எழுதின ஒற்றை வரியால் போயிற்று.

வேறு வண்டி பிடித்து ஜனக்புரி போகும்போது என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “அக்கா கேட்டா, இன்சூரன்ஸ் அம்புட்டும் நான் பாத்ததுன்னு சொல்லிருதேன். நீ பேசாம இரு.”

அந்த ஒரு வார்த்தையில் நான் உருகிப்போனேன் என்பது உண்மை. ஆனால் அடுத்த நிமிஷமே ரோஷம் வந்துவிட்டது என்பதும் உண்மை. வாங்கும்போது என் வண்டி, மூழ்கினபிறகு அவர் வண்டியா? வளைகாப்பு வீட்டில் முழங்கால்வரை சேற்றோடு நின்று, நாற்பது பேருக்கு முன்னால் நானே சொன்னேன். “வேண்டாம்னு அடிச்சது நான். இவுக எடுன்னு சொன்னாக, நான் கேக்கல. தண்ணிக்குள்ள விட்டதும் நான்தான்.” மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சாதம் நனையலேல்லா? அப்பம் வா, வளையல் போடு” என்றாள். என் வாழ்க்கையில் நான் பெற்ற தீர்ப்புகளில் அதுதான் தலைசிறந்தது. அன்று சாப்பாட்டில் என் கதைதான் பாயசம். மூன்றாவது பந்தியில் நானே அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேதத்தைப் பார்க்க ஒர்க்ஷாப்புக்கு ஒரு சர்வேயர் வந்தார். நான் எதையும் ஆதாரமில்லாமல் பேசுகிறவளல்ல என்று காட்ட, என் தாளை அவரிடம் நீட்டினேன். படித்தார். வண்டி எப்போது வாங்கியது என்று கேட்டார். சொன்னேன். தாளை நாலாக மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இன்ஜினுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கு நான் அழுதது பற்றி எழுதப்போவதில்லை. ஆனால் மூன்று வாரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது, உள்ளே புத்தம் புதுச் சாவி. இன்ஜின் இல்லாமல் ஒர்க்ஷாப்பில் குந்தியிருந்த வண்டிக்கு, காப்பீட்டில் முழுசாகக் கிடைத்த சாவி. “பாத்தீகளா, நான் அனுமதிச்சது எதுவும் தப்பாகல” என்று வீட்டில் மூன்று நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (இன்றும் அதில் எனக்குப் பெருமைதான்.)

ஐந்து வருஷமாகிறது. வண்டி புது இன்ஜினோடு நன்றாக ஓடுகிறது, அன்றிலிருந்து பட்டியலில் உள்ள அத்தனையும் அதற்கு உண்டு. போன மாதம், வேலை கிடைத்துப் புனேவுக்குப் போன நிலா தன் சம்பளத்தில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். இன்சூரன்ஸ் பாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு போன் செய்தாள்.

“அம்மா, ஒண்ணொண்ணா படிக்கிறேன். நீ எதையெல்லாம் வேண்டாம்னு அடிப்பியோ சொல்லு, அதையெல்லாம் சேத்துக்கறேன்.”

மதினியின் மருமகனும் இப்படித்தான் இன்சூரன்ஸ் எடுத்தார். என் தம்பியும் இப்படித்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் என்னைக் கேட்காமல் ஒரு வண்டிக்குக்கூட இன்சூரன்ஸ் எடுப்பதில்லை.