ஓடுகிற சரக்கு

இஞ்சி பிஸ்கட் இன்றைக்கும் போகவில்லை. கொடைக்கானல் கடைவீதியில் ரொட்டிக்கடை வைத்திருந்த இப்ராம்சா ராவுத்தர், தகர டப்பாக்களைத் திறந்து திறந்து பார்த்தார். பார்த்தால் குறைந்துவிடுமா?

மனைவி ரோஷன் பேகம் மவுத்தாகி ஒரு மாதம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. வெறும் வீட்டில் உட்கார முடியாமல்தான் மனுஷர் பொழுது விடிந்ததும் கடைக்கு ஓடி வந்தார். கடையும் போய்விட்டால் அந்த வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. 

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் ஞானவேல்தான் வழி சொன்னார்.

"அடக்க வெல என்ன, வித்த வெல என்ன, கையில என்ன நிக்குது? ஒவ்வொரு சரக்கா பாருங்க ராவுத்தரே. நிக்கிறத வச்சுக்கங்க. நிக்காதத நிறுத்துங்க."

பார்த்தார்கள். ரொட்டிக்குக் காலணா நின்றது. பன்னுக்கு அதுவும் இல்லை. இஞ்சி பிஸ்கட்டுக்கோ டஜனுக்கு மூணணா! போன வருஷம் தினம் தவறாமல் இரண்டு டஜன் விற்றிருந்தது.

பிஸ்கட் ராவுத்தரின் சொந்தக் கண்டுபிடிப்பு. பல் உறுதியாக இருப்பவர்கள் கடிக்கலாம். ஏரிக்கரையில் மட்டக்குதிரை வாடகைக்கு விடுகிற இருளாயிதான் மொத்தமாக வாங்கிப் போவாள். "தொரைமாரு விரும்பித் திங்கிறாக" என்பாள். அன்றைக்குச் சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்து பேகத்திடம் அதை இரண்டு தடவை சொல்வார் ராவுத்தர். "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்பாள் அவள்.

தை மாதத்திலிருந்து இருளாயியைக் காணோம். இந்த வருஷப் பனிக்குத் துரைமார் ஏது, சீசன் வந்தால் அவளும் வருவாள் என்று ராவுத்தர் தெம்பாக இருந்தார். பன்னை நிறுத்திவிட்டு பிஸ்கட்டைக் கூடுதலாகச் சுட்டார்.

பன் வாங்க வந்தவர்கள் ரொட்டியும் சேர்த்து வாங்குகிறவர்கள். இரண்டையும் வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

ஞானவேல் மறுபடி கணக்குப் போட்டார். "பன் தலையில இருந்த வெறகுச் செலவு, கடை வாடகையெல்லாம் ரொட்டி தலையில ஏறிருச்சு. இப்ப ரொட்டியும் நட்டம்."

ரொட்டியையும் நிறுத்தினார்.

"இப்ப எல்லாம் பிஸ்கட் தலையிலங்க" என்றார் ஞானவேல்.

"அப்ப அதையும் நிறுத்திரட்டுமா?"

கணக்கு படித்த மனுஷர் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

சீசனும் வந்தது. ராவுத்தர் விலையைப் பாதியாகக் குறைத்தார். ஒரு துரை ஒன்று வாங்கினார். கடித்தார். தாடையைத் தடவியபடி மிச்சத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, சில்லறையைக்கூட வாங்காமல் நடையைக் கட்டினார். விறகுக்காரன் வந்து பாக்கிக்கு நின்றான். மாதக் கடைசியில் கடையைக் காலி செய்துவிடுவதென்று ராவுத்தர் முடிவு செய்தார். சொல்லி அழ ஆளில்லாமல் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் இருளாயி வந்தாள்.

"ரொட்டி இருக்கா ராவுத்தரே? மகளுக்குக் காச்சலுங்க."

"ரொட்டி போடுறதில்லம்மா. பிஸ்கட் கெடக்கு. அரை வெலைக்குத் தாரேன், எடுத்துக்க."

"வேணாங்க."

"ஏன் இருளாயி, ருசி மாறிருச்சா? அவ போனதுலருந்து எனக்குக் கை ஒரு நெலையில இல்ல."

"ருசியெல்லாம் மாறலைங்க. எப்பவும் போலத்தான் இருக்கும்."

"பின்ன என்ன? தொரைமாரு கேக்குறதில்லையா?"

இருளாயி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டுப் போய்விடுவதா, சொல்லாமலே போய்விடுவதா என்று தெரியாமல் தெருவைப் பார்த்தாள்.

"தொரைமாரு யாரும் கேட்டதே இல்லைங்க, தின்னதெல்லாம் எங்க குதிரைங்கதான், காசு, நீங்க வீட்டுச் செலவுக்குக் குடுத்ததுல மிச்சம் புடிச்சு, ஒங்க மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு வீட்டம்மா தெனமும் எங்கிட்டக் குடுத்தது."