ரத்தக் கொதிப்பை ஒளித்து வைத்த கதை

நான் செய்த முட்டாள்தனங்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் ரத்தக் கொதிப்பால் வந்தது.

நெய்வேலிச் சுரங்கத்தில் ராட்சத மண்வெட்டி இயந்திரம் ஓட்டுகிறவன் நான். ஒரு வாளியில் ஒரு வீட்டையே அள்ளிவிடும் (என் மனைவி மல்லிகா கணக்குப்படி அரை வீடு). அப்படிப்பட்டவனுக்கு பி.பி. என்றால் வெளியே சொல்ல முடியுமா? டவுன்ஷிப்பில் மாத்திரை வாங்கினால் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும் என்று வடலூருக்கு பஸ் ஏறிப்போய் வாங்கினேன்.

அந்தச் சமயம் பார்த்து மெடிக்கல் செக்கப் வந்தது. டாக்டர் 'ஃபிட்' என்று எழுதினால்தான் இயந்திரம். இல்லையென்றால் இறக்கி ஆபீசில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த சீட்டுக்காகப் பல வருஷம் காத்திருந்தவன் நான். ரத்தம் எடுத்தால் மாத்திரை சாப்பிடுவது தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, பத்து நாள் முன்பே மாத்திரையை நிறுத்தினேன். பதிலுக்குப் பச்சைப் பூண்டு.

"என்னாங்க, டாக்டரு நிறுத்தச் சொன்னாரா?" என்றாள் மல்லிகா.

"தல வலியா, மயக்கமா? நல்லாத்தான இருக்கேன்!"

"எனக்குத்தான் பூண்டு நாத்தத்துல தல வலிச்சிகினு இருக்குது."

செக்கப்பில் டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார். கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி, மறு கையிலும் பார்த்தார். முகம் மாறியது.

"பி.பி.க்கு மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?"

"பூண்டுங்க" என்றேன். (அவர் நாற்காலியை ஏற்கனவே தள்ளிப் போட்டிருந்தார்.) பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"ஒழுங்கா மாத்திரை போட்டுட்டு வந்திருந்தா, பி.பி. கட்டுப்பாட்டுல இருக்குன்னு எழுதி ஃபிட் குடுத்திருப்பேனே! வலிக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமா? அது சத்தமில்லாம இதயத்தையும் கிட்னியையும் கெடுத்துடுங்க. இப்படித் திடீர்னு நிறுத்தவே கூடாது."

ஃபிட் கிடைக்கவில்லை; ஒரு மாதம் இயந்திரத்தை விட்டு இறங்கினேன். ஹெல்மெட் கொடுக்கும் வேலை. வந்தவன் போனவன் எல்லாம் "ஏம்ப்பா இங்க?" என்று கேட்டுக் கேட்டு, மூன்றாம் நாள் எரிச்சலில் கத்திவிட்டேன்: "எனக்கு பி.பி.ப்பா! போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சீனியர் ஆபரேட்டர் காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து, "எனக்கும்தாம்பா. நெனச்சா போடுவேன், நெனச்சா வுட்ருவேன். வூட்ல கூட சொல்லல" என்றார். மறுநாள் அவரை நானே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

மாத்திரையும் உப்புக் குறைத்த சாப்பாடுமாக, அடுத்த மாதம் எனக்கு ஃபிட் கிடைத்தது. மறுபடி அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது கண் கலங்கியது உண்மை.

போன வருஷம் காதர் பாய் ரிட்டயர் ஆனார். மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்து, "இவன் அன்னைக்கி அத்தன பேரு முன்னால கத்தலன்னா, நான் இன்னைக்கி என் சொந்தக் கால்ல நடந்து வூட்டுக்குப் போவ முடிஞ்சிருக்காது" என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மல்லிகா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்: "எங்க வூட்டுக்காரருங்க. ஃபெயிலாயி பேரு வாங்கனவரு."

நான் மறுப்பதே இல்லை.