தொப்பி போட்ட மீன் வண்டி

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

மரியாதைக்குரிய மச்சான் சந்திரமோகன் அவர்களுக்கு, மாப்பிள்ளை கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது.

தாம்பரத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் ஏதோ இருக்கிறேன். உங்கள் தங்கை சுலோசனா முழங்கால் வலி தவிர மற்றபடி சௌக்கியம். மகள் சிவசங்கரி மிகமிக சௌக்கியம். அதுதான் எனக்குக் கவலை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பெண், ஒருவேளையாவது சாப்பாடு இறங்காமல் முகம் வாடி உட்கார வேண்டாமா? இவள் பல் தேய்க்கும்போதுகூடப் பாடுகிறாள்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அவளுக்குக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போனைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருக்கிறாள். ஆகவே கருவூலத்தில் ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த இந்தக் கையையே நம்ப வேண்டியதாகிவிட்டது.

அவள் செய்யும் தொழிலை உங்களுக்கு முறையாகச் சொல்லிவிடுகிறேன். மீன் வண்டி, பால் வண்டி போன்ற சின்ன லாரிகளில் டிரைவர் உட்காரும் முன்பக்கம் தாழ்வாகவும், பின்னால் இருக்கும் பெட்டி உயரமாகவும் இருக்கும் அல்லவா? வண்டி ஓடும்போது காற்று அந்தப் பெட்டியின் நெற்றியில் வந்து முட்டுகிறதாம். அதைத் தள்ளிக்கொண்டு போவதற்கே டீசல் வீணாகிறதாம். டிரைவர் தலைக்கு மேல் வளைவாக ஒரு ஃபைபர் கூடு பொருத்தினால் காற்று அதன்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். இவள் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்கிறாள். டிரைவர்கள் தொப்பி என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

முதலில் எல்லாம் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. தெர்மாகோலில் சின்ன வண்டி செய்து, எதிரே டேபிள் ஃபேனை வைத்து, நடுவில் சாம்பிராணி போட்டுப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். ஃபேன் ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. பக்கத்து வீட்டு அம்மாள் உங்கள் தங்கையிடம், "தெனமும் சாம்பிராணி வாசனை வருதே, பொண்ணுக்கு வரன் அமையவா?" என்று கேட்க, சுலோசனாவும் விளக்கம் சொல்ல முடியாமல் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்த அம்மாள் மூன்று ஜாதகம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சாம்பிராணிப் புகையில் என் இருமல் அதிகமான பிறகு, பின்தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவருடைய கார் ஷெட்டை வாடகைக்குப் பிடித்துத் தொழிலை அங்கே கொண்டுபோனாள். ஃபைபர் தூள் மட்டும் இன்னமும் வீட்டுக்கு வருகிறது. ராத்திரி முழுக்க முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறேன்.

முதல் வாடிக்கையாளர் கிடைத்த கதையைக் கேளுங்கள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நான் வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன். இவள் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விற்றுக்கொண்டிருந்தது குஞ்சம்மாள், வைத்திக்குப்பத்து அம்மாள். விழுப்புரம் மார்க்கெட்டுக்குச் சொந்த வண்டியில் மீன் அனுப்புகிறவர்.

"என்னாம்மா, மீனைப் பாக்காம வண்டியப் பாத்துக்கினு நிக்கற?" என்று கேட்டார்.

"உங்க வண்டி காத்தை நெஞ்சுல வாங்கிக்கினே போவுதுக்கா" என்றாள் இவள்.

ஒரு தாயிடம் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னதுபோல அந்த அம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. அந்த வாரமே வண்டி ஷெட்டுக்கு வந்து தொப்பி போட்டுக்கொண்டு போனது. போன வண்டி சில நாளில் திரும்பி வந்தது, குஞ்சம்மாளோடு.

"தொப்பி அழகாத்தான் இருக்குது. டீசல் ஒரு சொட்டு கொறையல."

சிவசங்கரி அன்று சாப்பிடவில்லை. (எனக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதி.) மறுநாள் டிரைவர் பாலாஜிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழுப்புரம் போய்வந்தாள். அந்தப் பையன் குஞ்சம்மாளுடைய அக்கா மகன். தொப்பி போட்டதும் காற்று இரைச்சல் அடங்கிவிட்டதாம். "சத்தமே இல்ல, வேகமா போற மாதிரியே தெரியல" என்று அவன் பாட்டுக்கு மிதித்திருக்கிறான். மிச்சமான டீசலை எல்லாம் வேகம் குடித்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் குஞ்சம்மாள் மீன் கூடைகளை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, தானே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முள் அறுபதைத் தாண்டினால் முதுகில் ஒன்று விழும். டீசல் குறைந்தது. பாலாஜி என்னிடம் வந்து, "தொப்பிய வண்டிக்குப் போட்டீங்க, மூக்கணாங்கயித்த எனக்குப் போட்டுட்டீங்க" என்று முறையிட்டான். நான் என்ன செய்ய முடியும், காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினைத்தேன் மச்சான். குஞ்சம்மாள் ஒரு பெயிண்டரைப் பிடித்துத் தொப்பியின்மேல் சிவப்பு எழுத்தில் தன் பெயரை எழுதிவிட்டார். துறைமுகமே அதைப் பார்த்துவிட்டது. மற்ற மீன் வியாபாரிகள் எல்லோருக்கும் தொப்பி வேண்டும். டீசலுக்காக அல்ல, பெயருக்காக. ஆனால் தொப்பி பின்பக்கம் சாய்ந்திருப்பதால் எழுத்து கீழே இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. "எம்பேர காக்காதான் படிக்குது" என்று குஞ்சம்மாளே குறைப்பட்டார். எல்லோருடைய ஆர்டரையும் மொத்தமாகச் சேர்த்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்து, நேராக நிமிர்த்திச் செய்துகொடு என்றார்.

"நிமித்தி வெச்சா அது தொப்பி இல்லக்கா, பலகை" என்றாள் இவள். "இப்ப ஆவறதை விட டீசல் அதிகமா ஆவும்."

"ஆவட்டுமே. நாங்கதான டீசல் போடறோம்."

"மிச்சமாவும்னு சொல்லித்தானக்கா நான் விக்கறேன்."

இந்த ஒரு ஆர்டர் போதும், தொழில் நிலைத்துவிடும், ஊரார் கேட்டால் நானும் தலைநிமிர்ந்து பதில் சொல்வேன். "கேக்கறவங்களுக்குக் கேக்கறதக் குடுத்துட்டுப் போம்மா, தையக்காரன் நம்ம சொல்ற மாதிரிதான தெச்சிக் குடுக்கறான்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "கழுத்து நுழையாதுன்னு தெரிஞ்சா சொல்ல மாட்டானாப்பா?" என்றாள். உங்கள் தங்கை அப்போது டீ எடுத்து வந்தவள், எனக்கு மட்டும் கொடுக்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

கடைசியில் குஞ்சம்மாளுக்குக் கண்ணால் காட்டிவிடுவது என்று முடிவானது. காற்றை எப்படிக் காட்டுவது? கம்பளி நூலைத் துண்டு துண்டாக நறுக்கி, வண்டியின் நெற்றி, கூரை, பக்கவாட்டு எல்லாம் ஒரு முனையை மட்டும் ஒட்டிவிட வேண்டுமாம். வண்டி ஓடும்போது நூல் எப்படிப் பறக்கிறதோ அதுதான் காற்றின் போக்கு. உங்கள் தங்கை சேர்த்து வைத்திருந்த சிவப்பு, மஞ்சள், பச்சை நூல் உருண்டைகள் அத்தனையும் போயிற்று. வண்டி பார்க்க எப்படி இருந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதோடு திண்டிவனம் சாலையில் புறப்பட்டோம். பாலாஜி வண்டியை ஓட்ட, சிவசங்கரி அவன் பக்கத்தில். பின்னால் என் ஸ்கூட்டரில் நான். எனக்குப் பின்னால் குஞ்சம்மாள், என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. அந்தச் சட்டையில் இன்னமும் மீன் வாசனை போகவில்லை.

கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ்கள் நிற்கும் இடத்தில், சிக்னலுக்காக நின்றோம். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்து கும்பிட்டாள். கையில் சோற்றுத் தூக்கு, ஸ்கேன் படம் இருக்கும் பெரிய உறை.

"எந்தக் கோயில் வண்டிம்மா?"

பொய் சொல்லத் தெரியாத நம் பெண் கீழே இறங்கி, "கோயில் வண்டி இல்லக்கா, காத்து எப்படிப் போவுதுன்னு பாக்கறதுக்கு ஒட்டியிருக்கோம்" என்று சொல்லத் தொடங்கினாள். அந்தப் பெண் பாதியிலேயே, "எதுவா இருந்தா என்னாம்மா. எங்க வூட்டுக்காரருக்கு இன்னைக்கு ஆப்ரேசன். ஒரு கயிறு குடு" என்றாள்.

அந்த நூல்களை ஸ்கேல் வைத்து அளந்து இவளேதான் ஒட்டினாள் மச்சான். ஒன்று விலகி இருந்தாலும் பிய்த்து மறுபடி ஒட்டினாள். அவ்வளவு பாடுபட்டவள் ஒரு வினாடி அந்த உறையைப் பார்த்துவிட்டு, நெற்றியில் நடுவாக இருந்த மஞ்சள் நூலைப் பிரித்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். "சரியாப் போயிடும்க்கா" என்றாள். பிறகு கேட்பானேன். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். சிக்னல் விழுந்தும் வண்டி நகரவில்லை. போக்குவரத்துக் காவலர் விசில் ஊதிக்கொண்டே வந்து அதட்டினார், பிறகு தன் மகளுக்குப் பரீட்சை என்று ஒரு சிவப்பு நூல் வாங்கிக்கொண்டார். வண்டி மொட்டையாயிற்று. ஷெட்டுக்குத் திரும்பி, மறுபடி நூல் வாங்கி, மறுபடி ஒட்டினோம். ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை இவள். நானும் பேசாமல் நறுக்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் சோதனை நடந்தது. முதலில் ஒட்டுப்பலகையை நிமிர்த்திக் கட்டி ஓட்டினார்கள். பக்கத்தில் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தால், கூரை விளிம்பில் நூலெல்லாம் சாமி வந்தவள் தலைமுடி போலச் சுழன்று அடித்தது. பிறகு தொப்பியைப் போட்டு ஓட்டினார்கள். எண்ணெய் வைத்து வாரிய சடை போல அத்தனையும் படிந்து பின்னால் ஓடியது. குஞ்சம்மாள் என் தோளை உலுக்கி ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார். சாலையோரம் இறங்கி, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டார்.

"பலகையில எழுதனா காத்து எம்பேர அறைஞ்சிக்கினே வருது" என்றார். "வளைஞ்சே இருக்கட்டும். எழுத்த பக்கவாட்டுல போட்டுக்கறேன்."

அவரோடு இன்னும் இரண்டு பேர் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் நிமிர்ந்த பலகை மாட்டிக்கொண்டார்கள். ஆக, ஊரெல்லாம் தெரிந்த தொழிலில் மிச்சம் மூன்று பேர். இதற்குத்தான் பல் தேய்க்கும்போது பாட்டு.

எனவே மச்சான், நீங்கள் உங்கள் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கும் அந்த வேலையில் சேரும்படி அவளுக்குக் கண்டிப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். தகப்பன் சொல்லைக் கேட்காதவள் தாய்மாமன் சொல்லைத் தட்டமாட்டாள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, வேலைக்குப் போய், அந்த வேலையிலேயே இருக்க என் ஆசிகள்.

என்றும் உங்கள் மாப்பிள்ளை,
கலியமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒன்று நடந்துவிட்டது. சிவசங்கரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா சொன்ன வேலைக்கே போறேம்பா. நீங்க கவலையில தூங்கறதே இல்லன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். நான் தூங்காதது ஃபைபர் தூளால் என்று உங்கள் தங்கைக்குத் தெரியாதா? சந்தோஷப்பட வேண்டியவன், எழுந்து பின்தெருப் பக்கம் போனேன். ஷெட்டில் எல்லாவற்றையும் துடைத்து, தொப்பி அச்சுகளைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. திரும்பி வந்து, "அந்த வேலை போயிடிச்சிம்மா. நேத்து நீ ஷெட்டுல இருக்கச்சே மாமா போன் பண்ணாரு, வேற யாரையோ எடுத்துட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் செருப்புகூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினாள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாமல், அந்த இடத்தில் உடனே வேறு யாரையாவது சேர்த்துவிட வேண்டுகிறேன். சொல்லி வைத்த வேலை போனதில் நீங்கள் வருந்துவீர்கள் என்று, உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு தாம்பரம் வருகிறாளாம். முகத்தைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது சரியாக வராது.